தக்காளி இலையிலிருந்து விழுந்த முற்றுப்புள்ளி

1

ஒரு முற்றுப்புள்ளி எழுந்து நடந்துபோனதில்தான் இந்தக் கதை தொடங்கியது. என் தக்காளிச் செடியில் என்ன பூச்சி என்று தெரியவேண்டுமென்றால், இலையை வெள்ளைத் தாளின்மேல் தட்டிப் பார்க்கச் சொன்னார்கள். கைக்குக் கிடைத்தது பாதி எழுதிய தாள். தட்டினேன். எது பூச்சி, எது என் எழுத்து என்று பிடிபடவில்லை. இப்போதும்தான். அதனால் என்னைவிடக் கூர்மையான கண் உள்ள ஒருவரைக் கதைக்குள் அனுப்புகிறேன்: கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர்.

2

(அவர் மனைவி கோபித்துக்கொண்டு போன அன்று நல்ல மழை... வேண்டாம். மழை பெய்தால் பூச்சி கழுவிப்போய்விடும், கதையும் போய்விடும்.)

அவர் மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"பல்சக்கரத்துல ஒட்டுன தூசி தெரியுது, பக்கத்துல நான் இருக்கறது தெரியல. இந்தத் தக்காளிச் செடியையாவது கண்ணெடுத்துப் பாருங்க. அது பொழைச்சா வர்றேன்."

[ஒரு செடிக்காக ஒருத்தி திரும்பி வருவாளா? எனக்குச் சந்தேகம். அவருக்கு இல்லை. விட்டுவிட்டேன்.]

3

இலைகள் சுருண்டன. அவர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு தொட்டியின் முன் குத்துக்காலிட்டார். இலைக்கு அடியில் கடுகைவிடச் சிறிதாக, பச்சையாக, சாதுவாக ஒரு கூட்டம். நடுவே கறுப்பாக, முள்முள்ளாக, குட்டி முதலைகள் போலச் சில. முதுகில் ஆரஞ்சுத் திட்டு.

திருடன் யாரென்று முகத்திலேயே எழுதியிருந்தது. சாமணத்தால் முதலைகளை நோகாமல் பொறுக்கினார். பச்சைகளை விட்டுவிட்டார். (நானும் அதைத்தான் செய்திருப்பேன்.)

பிறகு மனைவிக்குப் போன் செய்தார்.

"பூச்சியெல்லாம் எடுத்துட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"கறுப்பா, முதுகுல ஆரஞ்சா. பாக்கவே சகிக்கல."

"ஐயோ! அது பொறிவண்டோட குஞ்சுங்க. பச்சையா இருக்கறதுதான் சாறு உறிஞ்சுற அசுவினி. அதைத் திங்க வந்ததைப் போய்..."

"அசிங்கமா இருந்துச்சே."

"அழகா இருக்கறதெல்லாம் நல்லதுன்னு யாரு சொன்னா?"

(இந்த மௌனத்துக்கு அரைப் பக்கம் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு வாக்கியமும் அதைக் கலைத்தது.)

"கொன்னுட்டீங்களா?"

4

ஒரு முடிவு: ஆம் என்கிறார். அவள் வரவில்லை. இன்னொன்று: பொய் சொல்கிறார். அவள் வந்து இலையைத் திருப்பிப் பார்க்கிறாள்.

இரண்டையும் எழுதியபிறகுதான் அவருடைய தொழில் நினைவுக்கு வந்தது. கழற்றிய பாகத்தைக் கடிகாரக்காரர்கள் எறிவதில்லை. எது எதற்கு வேண்டுமென்று தெரியும்வரை எல்லாம் மூடி போட்ட சின்னக் கிண்ணத்தில் இருக்கும். கைப்பழக்கத்தில் முதலைகளையும் அதில்தான் போட்டிருந்தார். காற்றுக்கு வழியில்லாத மூடி.

அவர் கிண்ணத்தைக் கையில் எடுத்துவிட்டார். என் தாளிலும் ஒரு புள்ளி அசைவது போல இருக்கிறது. என் கண்ணை நான் நம்பவில்லை.

நீங்கள் திறந்து பாருங்கள். அவள் இன்னும் போனை வைக்கவில்லை.