திட்டுக்கும் உண்டு கூலி

ஒரு தங்கையின் விலை மாதம் பூஜ்யம். காப்பீட்டுக் கம்பெனியின் வக்கீல் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார். கூடப்பிறந்தவள் பாசத்தில் செய்வதற்குக் கூலி ஏது என்பது அவர் கட்சி.

லாரி மோதி அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய் மூன்று வருடம் ஆகிறது. துணிக்கடை வேலையை விட்டுவிட்டுத் தங்கைதான் பார்த்துக்கொள்கிறாள். நஷ்டஈட்டில் பராமரிப்புச் செலவைச் சேர்க்காவிட்டால் அவள் மறுபடி கடைக்குப் போயாக வேண்டும்; அண்ணனுக்குக் காப்பகம்தான்.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரம்மா தங்கை தரப்பில் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்கு வந்தார். சந்தையில் மூட்டையை எடை போடுவதுபோல் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த உடம்பை ஒரு ஆள் தூக்க முடியாதுங்க. ரெண்டு ஆள் வேணும். ஆளுக்கு மாசம் பதினஞ்சாயிரம்."

"இந்தம்மா ஒருத்திதானே தூக்குறாங்க? ரெண்டாவது ஆள் யாரு, காத்தா கருப்பா?" என்றார் கம்பெனி வக்கீல்.

நீதிபதிக்கும் அது புதிராகத்தான் இருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "எப்படிம்மா தூக்குறீங்க?"

தங்கைக்கே தெரியவில்லை. அன்றாடம் செய்கிற காரியத்தை யார் நின்று கவனிக்கிறார்கள்? "தூக்குவேங்க. வந்துடுவார்."

"செஞ்சு காட்டுங்க, பார்ப்போம்."

சக்கர நாற்காலியை ஒட்டி ஒரு மர நாற்காலியைப் போட்டார்கள். அவள் குனிந்து, அண்ணன் கைகளைத் தன் தோளில் போட்டு, சபைக்கேற்ற குரலில், "எழுந்திருங்கண்ணா" என்றாள். நனைந்த பஞ்சுப் பொதிபோல் அவன் அப்படியே இருந்தான்.

"கொஞ்சம் எழுந்திருங்கண்ணா."

முதுகு விண்ணென்று தெறித்ததுதான் மிச்சம். கம்பெனி வக்கீல் வாய்க்குள் சிரித்தார். அவளுடைய வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை.

காலையில்கூட வந்தானே, இப்போது என்ன கேடு? அவளுக்குப் பயத்தைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. ஆச்சரியம் எரிச்சலானபோது வாய் வீட்டு வழக்கத்துக்குத் திரும்பிவிட்டது.

"டேய் தடியா, தின்னத் தெரியுதில்ல, எந்திரிக்கத் தெரியாதா? பொணம்கூட உன்னைவிட லேசுடா."

"யாருடி பொணம்?"

கோபத்தில் அவள் தோளை இறுக்கிப் பிடித்து எம்பினான். அவள் ஒரு சுழற்று சுழற்றினாள். மர நாற்காலியில் போய் உட்கார்ந்து இன்னும் முறைத்துக்கொண்டிருந்தான்.

"தினமும் இப்படித்தானா?" என்றார் நீதிபதி.

"ஒவ்வொரு தடவையும் இப்படித்தாங்க போல. இன்னைக்குத்தான் எனக்கே தெரியுது."

கம்பெனி வக்கீல் விடவில்லை. "பாதி பாரத்தை அவரே தூக்கிக்கிறார். அரை ஆள் கூலி போதுங்க."

நீதிபதி ஏஜென்சிக்காரம்மா பக்கம் திரும்பினார். "உங்க ஆளுங்க இப்படித் திட்டுவாங்களா?"

"மரியாதைக் குறைவா ஒரு வார்த்தை பேசினாலே சீட்டைக் கிழிச்சிடுவோங்க."

"அப்போ இவங்க இடத்துல ரெண்டு ஆள் போட்டுத்தான் ஆகணும்" என்று சொல்லிக்கொண்டே அதை எழுதினார்.

வாசலில் வண்டிக்குக் காத்திருக்கும்போது தங்கை விரல்விட்டு எண்ணினாள். "ஒரு ஆள் சம்பளம் தூக்கினதுக்கு. இன்னொரு ஆள் சம்பளம் திட்டினதுக்கு. கணக்கு சரியாப் போச்சு."

"திட்டு வாங்கினவனுக்கு?"

"அது பாக்கி."