சுவரில் நின்ற கிடா

கண்ணால் பார்க்காத மிருகத்தைக் கனிஷாய் தைக்க மாட்டாள். ஊரில் மற்றப் பெண்கள் மகள் கல்யாணத்துக்குச் சுவர்த்துணி தைக்கும்போது கொம்புச் சுருள், காக்கை நகம், நாய்வால் என்று வழக்கமான கோலங்களைச் சோப்புக் கட்டியால் வரைந்துகொண்டு, அதன்மேல் ஊசியை ஓட்டிவிட்டுப் போவார்கள். கனிஷாய்க்கு அது ருசிக்கவில்லை. பச்சை வெல்வெட்டை மடியில் விரித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பட்டியைப் பார்த்தாள். அங்கே என்ன நின்றதோ அது துணியில் ஏறியது. பாதி உரோமம் உதிர்ந்த ஒட்டகம், வால் கோணலான நாய், கன்றை விட்டுவிட்டு வேலியை நக்கும் பசு, சாணிக் குவியல்மேல் ஒரு காக்கை. நடுவில், வந்தவரை முறைக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொம்பு சுருண்ட பெரிய செம்மறிக் கிடா ஒன்று.

பகலெல்லாம் பால் கறந்து, உறைந்த சாணியை மண்வெட்டியால் பெயர்த்து, ஆற்றிலிருந்து தண்ணீர் தூக்கிய கை அது. விரல் வெடிப்பில் பட்டு நூல் சிக்கும். ஆட்டுக் கொழுப்பைத் தடவி, மாவில் துடைத்துக்கொண்டுதான் ஊசியைத் தொடுவாள். அப்படியும் விரலில் குத்தி, துணியில் அங்கங்கே ரத்தம் சொட்டியது. சொட்டிய இடத்தில் சிவப்பு நூலால் ஒரு பூவைப் போட்டு மூடிவிட்டாள். "எங்கல்லாம் சம்பந்தமில்லாம பூ இருக்கோ, அங்கல்லாம் அம்மா அப்பாவைத் திட்டியிருக்கா" என்று மகள் சாய்கல் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சாய்கலை அழைத்துப்போக இன்று மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். துணி வாசலுக்கு எதிர்ச் சுவரில் ஏறியாகிவிட்டது. அதன் கீழே, முதல் இடத்தில், மாப்பிள்ளையின் தாய்மாமன் பெய்ஷென் உட்காருவார். பக்கத்து வீட்டுப் பாத்மா மாவு உருண்டை பொரித்துக்கொண்டிருந்தவள், கையில் எண்ணெய் சொட்டச் சொட்டத் துணியைப் பார்க்க வந்தாள்.

"அடியாத்தி! இறங்கி வந்து என்னை முட்டிரும்போல இருக்கே!"

மலையில் பிறந்தவர்களுக்கு ஆடு என்றால் கண் முதலில் போகும் இடம் காதுதான். அதில் போட்ட அடையாள வெட்டைப் பார்த்து யார் மந்தை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் ஆட்டையே பார்ப்பார்கள். கனிஷாய் கீழ்ச் சமவெளியில் பீட்ரூட் வயலில் வளர்ந்தவள். அவளுக்குக் காது என்பது காது, அவ்வளவுதான். பாத்மா கிட்டே போனாள். முகம் மாறியது.

"ஏடி, இந்தக் காதை நீயா யோசிச்சுப் போட்டியா?"

"நான் எதை யோசிச்சுப் போட்டேன்? குளிர்காலம் பூரா எங்க பட்டியில நின்னுச்சே, அந்தக் கிடாதான். அது காதே அப்படித்தான்."

"வலது காது நுனியில தகைவிலான் குருவி வால் மாதிரி ரெண்டாப் பிளந்த வெட்டு. இது பெய்ஷென் வெட்டுடி!"

"ஆமா, அவர்கிட்டதான் வாங்கினேன்னாரு எங்க வீட்டுக்காரரு."

"வாங்கினாரா?" பாத்மா எண்ணெய்க் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். "போன தடவை மலையிலேர்ந்து மந்தை இறங்கறப்ப கிடாவைக் காணோம்னு அந்த மனுஷன் இன்னிக்கு வரைக்கும் திட்டிக்கிட்டுத் திரியறான். கடைக்கு உப்பு வாங்கப் போனாக்கூட, உப்பைக் கேக்கறதுக்கு முன்னாடி ரெண்டு திட்டு. எடுத்தவன் வயிறு வீங்கிச் சாவணுமாம்."

கனிஷாய் ஜன்னல் வழியே பார்த்தாள். அவள் புருஷன் ஓரோஸ் பாட்டுப் பாடிக்கொண்டே விறகு பிளந்துகொண்டிருந்தான். வயிறு வீங்கின மாதிரித் தெரியவில்லை.

சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து சுவரைக் காட்டினாள். ஓரோஸ் அந்தத் துணியை நூறு தடவை பார்த்திருப்பான். தூங்கப் போகும் முன் அரைக் கண்ணால் பார்த்தது. இப்போதுதான் காதைப் பார்த்தான். கோடாலி கையிலிருந்து நழுவியது.

"யோவ், திருடினியா?"

"திருடலை. தானா வந்துச்சு."

"தானா வந்துச்சா?"

"கணவாயில பனி கொட்டுது, ரெண்டு மந்தையும் கலந்துபோச்சு. கீழ வந்து எண்ணினா ஒண்ணு கூட. கொடுத்துடலாம்னுதான் இருந்தேன். பாதை மூடிக்கிச்சு. அப்புறம் நம்ம பெட்டை ஆடுங்க..." இழுத்தான். "குட்டிங்களைப் பார்த்தேல்ல? ஒவ்வொண்ணும் கன்னுக்குட்டி மாதிரி!"

"இப்ப அது எங்க?"

"மேல் பள்ளத்தாக்குல, பழைய பட்டியில. உன் மக அந்த ஆளோட அக்கா மகனைத்தான் கட்டுவேன்னு நிப்பான்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? அவ சொன்ன அன்னிக்கே கிடாவைக் கொண்டுபோய் மறைச்சுட்டேன்." குரலைத் தாழ்த்தினான். "கனிஷாயி, ஒரே ஒரு வேலை பண்ணு. ரெண்டு தையல் போட்டுக் காதை முழுசாக்கிடு. உனக்கு அது டீ ஆறுற நேரம்."

ஊசி தலைத்துணியிலேயே குத்தியிருந்தது. எடுத்தாள். வெள்ளை நூலைக் கோத்தாள். சுவருக்கு முன்னால் முழங்காலிட்டாள். பெய்ஷென் கோபித்துக்கொண்டு எழுந்தால் வந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிடுவார்கள். மகள் கட்டிய பெட்டியை அவிழ்த்துவிட்டு மூலையில் உட்காருவாள். துணியைக் கழற்றி வெறுஞ்சுவரைக் காட்டினாலோ, பெண்ணுக்கு ஒரு துணி தைக்க வக்கில்லாத தாய் என்று பள்ளத்தாக்கு முழுக்கப் பேசுவார்கள். ரெண்டே தையல்.

ஊசியை மறுபடி தலைத்துணியில் குத்தினாள்.

"காதை முழுசாக்கினா, இவ்ளோ பெரிய கிடாவுக்கு வெட்டே இல்லாம எப்படின்னு எல்லாரும் கேப்பாங்க. உன் வெட்டைப் போட்டா, நீ கயித்தால திருடினதை நான் ஊசியால திருடின மாதிரி ஆகும். போய் ஓட்டிட்டு வா. அந்த ஆள் கையில கயித்தைக் கொடுத்து, உங்க கிடா, நாங்கதான் இவ்ளோ நாள் தீனி போட்டோம்னு சொல்லிடுவோம்."

"அடிச்சா?"

"வாங்கிக்க. முதுகு அகலமாத்தானே வெச்சிருக்கே."

ஓரோஸ் குதிரையேறிப் போனான். அவன் மேட்டைத் தாண்டி மறையவும், கீழே ஆற்றங்கரையில் மாப்பிள்ளை வீட்டு வண்டியின் ஹாரன் கேட்கவும் சரியாக இருந்தது. மத்தியானம் வருகிறோம் என்றவர்கள் பசியோடு முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

கனிஷாய் ஓரோஸ் போன மேட்டையே பார்த்தாள். கையில் கயிறோடு சொன்னால் திருப்பிக் கொடுத்ததாகும். கயிறில்லாமல் சொன்னால் மாட்டிக்கொண்டதாகும். "நீ பேசாம இரு, நான் பாத்துக்கறேன்" என்று பாத்மா, அங்கே இருந்ததிலேயே பெரிய கிண்ணமாக எடுத்து, புளித்த குதிரைப் பாலான குமிஸை விளிம்பு வரை ஊற்றினாள். வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு பெய்ஷென் நிலைப்படியில் காலை வைத்ததும், கிண்ணத்தை அவர் வாயில் வைத்தாள். "ஒரே மூச்சுல குடிக்கணும் அண்ணே, பொண்ணு வீட்டு மரியாதை!" மனுஷன் அப்படிப்பட்ட பந்தயத்தில் தோற்கிறவர் இல்லை. கிண்ணம் முகத்தை மூடியது. அது இறங்குவதற்குள் பாத்மா தோளைப் பிடித்து நடத்தி, திருப்பி, சுவருக்கு முதுகு காட்டி உட்கார வைத்துவிட்டாள்.

மற்றவர்கள் எதிரே உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அதாவது பெய்ஷெனின் அக்கா, நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். உருண்டையைக் கடித்த வாய் அப்படியே நின்றது. மாப்பிள்ளையின் அப்பா கெரிம் அதிகம் பேசாதவர். கண்ணாடியின் ஒடிந்த காலை நூலால் கட்டியிருந்தார். அவரும் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். சாய்கல் திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எல்லாரும் என் தலைக்கு மேலயே பாக்கறீங்க?" பெய்ஷென் தொப்பியைத் தடவிப் பார்த்தார். "புறா கிறா எதாவது போயிருச்சா?"

ஆட்டுத்தலை வந்தது. முதல் விருந்தாளிக்குத்தான் தலை. பெய்ஷென் கத்தியை எடுத்தார், முதலில் காதைப் புரட்டிப் பார்த்தார். இடது காதில் வட்டமாக ஒரு ஓட்டை. ஓரோஸின் அடையாளம்.

"ம்ம், சொந்த ஆடுதான். நல்ல குடும்பம்." காதை அறுத்துப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்குக் கொடுத்தார். "இந்தக் காலத்துல எவன் தட்டுல எவன் ஆடு வேகுதுன்னே தெரியலை. என் கிடாவை ஒருத்தன் தூக்கிட்டுப் போனான் பாருங்க, அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், அவன் காதுல நான் வெட்டுப் போடறேன்."

சுவரிலிருந்து கிடா அவருடைய பிடரியை முறைத்துக்கொண்டிருந்தது. பாத்மா சிரிப்பை அடக்க முடியாமல் பாத்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

அப்போது வாசலில் ஒரு கிடா கத்தியது. அடித் தொண்டையிலிருந்து, கரகரவென்று, முடிவில் ஒரு இழுப்போடு.

பெய்ஷெனின் கத்தி நின்றது. சொந்த மந்தையில் எது கத்தினாலும் மேய்ப்பனுக்குத் தெரியும். "இது என் கிடா" என்றார். எழுந்தார். எல்லார் கண்ணும் இன்னும் தன் தலைக்குப் பின்னாலேயே இருக்கவும் திரும்பினார். சுவர்க் கிடாவும் அவரும் மூக்கோடு மூக்கு. துணியிலிருந்த காதைத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் ஓரோஸ் கயிற்றைப் பிடித்தபடி, முழங்கால்வரை சேற்றோடு, மூச்சு வாங்க உள்ளே வந்துவிட்டான். பெய்ஷென் அவன் காலரைப் பிடித்தார்.

"எடுத்தவன் நீதானா?"

"தானா வந்துச்சு அண்ணே."

"தானா வந்துச்சா? கிடாவுக்குக் கால் இருக்கு, சரி. உன் வீடு எங்கன்னு வழி கேட்டுக்கிட்டு வர வாய் இருக்கா? டேய், வண்டியை எடுங்கடா! திருட்டு வீட்டுல பொண்ணு எடுக்கற அளவுக்கு நாம ஒண்ணும் கெட்டுப்போகலை!"

திரைக்குப் பின்னால் சாய்கலின் வளையல் ஒலி நின்றுபோனது. கனிஷாய் இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். 

"கிடா உங்களுதுதான். என் புருஷன் கொடுக்காம வெச்சிருந்தது தப்புதான். அவரை அடிங்க, நான் தடுக்கலை. ஆனா இந்த வீட்டுல மறைக்கலை. ரெண்டு தையல் போட்டிருந்தா அந்தக் காது மூடியிருக்கும். போடலை. உங்களை உக்கார வெக்கற சுவர்லயே உங்க வெட்டோட மாட்டியிருக்கேன். என் மக மேல ஒரு சொல் சொல்லாதீங்க."

பெய்ஷென் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கெரிம் எழுந்து, தரையில் விரித்திருந்த விருந்துத் துணியைச் சுற்றி நடந்து, சுவரருகே வந்து குனிந்தார்.

"சம்பந்தியம்மா, இடது காதுல, கொம்புக்குப் பின்னாடி சாம்பல் நூல்ல ஒரு கோடு இருக்கே. அது என்ன?"

"அதுவா? காதோட அடி ஓரத்துல பழைய கீறல் ஒண்ணு இருந்துச்சுங்க. முள்ளு கிழிச்சிருக்கும்னு நினைச்சேன். இருந்ததால போட்டேன்."

கெரிம் வாசலுக்குப் போனார். நிஜக் கிடாவின் இடது காதைத் திருப்பி, உரோமத்தை விரலால் விலக்கிப் பார்த்தார். திரும்பி வரும்போது தோள் குலுங்கியது. அவர் சிரிப்பதை அந்தக் கூட்டத்தில் பலர் அன்றுதான் பார்த்தார்கள்.

"முள்ளு இல்லை. என் கத்தி. பொறந்த குட்டிக்கு நான் போடற வெட்டு, ஆறினா இப்படித்தான் கோடா நிக்கும். பெய்ஷென், ஒரு வசந்தத்துல என்கிட்ட பெட்டை ஆடு வாங்கிட்டுப் போனியே?"

பெய்ஷெனின் கை ஓரோஸின் காலரிலிருந்து மெதுவாக இறங்கியது.

"ஆமா மச்சான். காசு கொடுத்துத்தான் வாங்கினேன்."

"ஆட்டுக்குத்தான் காசு கொடுத்தே. அதோட குட்டி என் பட்டியில நின்னுச்சு. மறுநாள் காணோம். ஓநாய்னு நினைச்சு நான் ரெண்டு நாள் துப்பாக்கியோட மலையில கிடந்தேன்."

"அது... அது வந்து மச்சான்..." பெய்ஷென் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டார். "தாய் ஆட்டுக்குப் பின்னாடியே... தானா வந்துச்சு."

பாத்மாவின் பாத்திரத்துக்குள்ளிருந்து முதல் சிரிப்பு கிளம்பியது. வீடே வெடித்தது. ஓட்டுநர் வாசலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஓரோஸ் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான்.

பெய்ஷெனின் அக்கா மட்டும் சிரிக்காமல் எழுந்து வந்தாள். "ஏண்டா பெய்ஷென், வழி கேக்க வாய் இருக்கான்னு அந்தப் பாவப்பட்ட மனுஷனைக் கேட்டியே, அந்தக் குட்டிக்கு உன் வீட்டு வழி சொன்னது யாருடா? என் புருஷன் பனியில ஓநாய் தேடி இருமிக்கிட்டு வந்தாரு, நான் நெஞ்சுல கொழுப்புத் தடவினேன். அன்னிக்கு நீ வந்து என் அடுப்புல சோறு தின்னுட்டு, ஓநாயைத் திட்டிட்டுப் போனேடா!"

"அக்கா, பிள்ளைங்க முன்னாடி..."

"பிள்ளைங்க கேக்கட்டும். இப்பத்தானே காதை அறுத்துக் கொடுத்தே, நல்லாக் கேக்கணும்னு?"

பெய்ஷென் நின்ற இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தார். ஓரோஸ் தயங்கித் தயங்கி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். வேறு யார் பக்கத்திலும் உட்கார அவனுக்கு முகமில்லை. பெய்ஷென் ஆட்டுத்தலையிலிருந்து ஒரு துண்டு அறுத்து, அவனைப் பார்க்காமலேயே நீட்டினார்.

"குட்டிங்க எப்படி?"

"கன்னுக்குட்டி மாதிரி அண்ணே."

"இருக்கும். நல்ல ஜாதி."

"குட்டிங்க பொறந்த வீட்டுலயே இருக்கட்டும்" என்றார் கெரிம். "கிடா எங்களோட வரட்டும். மருமகளையும் கிடாவையும் ஒரே வண்டியில ஏத்திக்கறேன். ஆனா சம்பந்தியம்மா, அந்தத் துணியில ஒரு தையலும் மாத்தக் கூடாது. என் வீட்டுல எதிர்ச் சுவர்ல மாட்டணும். பெய்ஷெனுக்கு அங்கயும் முதல் இடம்தான். இந்தத் தடவை முகத்தைச் சுவர் பக்கம் வெச்சு உக்காரச் சொல்லுவேன்."

சாயங்காலம் புறப்பட்டார்கள். கல்யாணமானவள் கட்டும் வெள்ளைத் தலைத்துணியோடு சாய்கல் வாசலில் நின்று கொஞ்சம் அழுதாள், நிறையச் சிரித்தாள். கனிஷாய் மகளின் நெற்றியை முகர்ந்துவிட்டு, கிடாவின் கயிற்று நுனியை அவள் கையில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"கெட்டியாப் பிடி. இந்தத் தடவை தானா வந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது."

கிடாவை நான்கு பேர் தூக்கி வண்டியின் பின்பக்கம் ஏற்றினார்கள். மெத்தைகளின் மேல் சுவர்த்துணி மடித்து வைத்திருந்தது. வண்டி ஆற்றை நெருங்கும்போதுதான் பாத்மா கத்தினாள்: "ஏடி, கிடா உன் துணிக் குஞ்சத்தைத் திங்குதுடி!" கனிஷாய் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, திட்டிக்கொண்டே வண்டிக்குப் பின்னால் ஓடினாள். கெரிம் நிறுத்தச் சொல்லவில்லை. கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.