ஐந்தில் ஒரு பங்கு ஷர்மினி

மின்சுடலை ஊழியர் தட்டை வெளியே இழுத்தார். ஷர்மினி அதில் வெள்ளையும் சாம்பலுமாகச் சிதறிக் கிடந்தாள். நடுவில் மட்டும் ஓர் உலோகத் தகடு, வரிசையாகத் திருகாணிகள். அந்தத் தகட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு சாண் நீளத்துக்கு எலும்பு முழுசாக இருந்தது.

பால் ஊற்றச் செம்பை உயர்த்திய அத்தை அப்படியே நிறுத்தினார்.

"இது என்ன மாப்பிள்ளை?"

புஷ்பவள்ளி அத்தை என் மனைவி ஷர்மினியின் அம்மா. முந்தின நாள் அழுததில் குரல் போய்விட்டிருந்தது. அதிகாரம் போகவில்லை.

"தொடையில வச்ச பிளேட்டு, அத்தை."

"பிளேட்டு எனக்குத் தெரியும். மத்ததெல்லாம் உதிர்ந்து போச்சு. இது மட்டும் எப்படி நிக்குது?"

"ஸ்குரு பிடிச்சிருக்கு."

அதோடு முடிந்திருக்கும். அத்தையின் தம்பி கமலநாதன் மாமா முடியவிடவில்லை. அவர் குளுவாங் நகரில் ஒரு கோயில் நிர்வாகக் குழுவின் செயலாளர். மைக் இல்லாத இடத்திலும் மைக் இருப்பதுபோல் பேசுவார்.

"அக்கா, அது நம்ம புள்ள எலும்பே இல்ல. ஆப்பரேஷன்ல அவ எலும்ப வெட்டி எடுத்துட்டு வேற ஆளோடத வச்சாங்க. செத்துப்போன ஆளு. எலும்பு பேங்க்குல இருந்து வந்தது."

"உனக்கு யாரு சொன்னா?"

"ஷர்மினிதான். அப்பவே சொல்லிட்டா."

"எனக்கு ஏன்டா சொல்லல?"

"நீ பயந்துடுவேன்னு."

ஆறு வருடம் கட்டிக்காத்த ரகசியத்தை உடைக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் அது. பண்டாரம் செல்லப்பன் மணியை ஆட்டுவதை நிறுத்தினார். சாவுச் சடங்கில் அவருக்கு எல்லாக் குழப்பமும் பழக்கம். இது புதிது என்பது முகத்தில் தெரிந்தது.

மாமா சொன்னது உண்மைதான். ஷர்மினிக்கு இருபத்திரண்டு வயதில் தொடை எலும்பில் புற்றுநோய்க் கட்டி. காலை எடுப்பதா, எலும்பை மட்டும் எடுப்பதா என்று பார்த்தார்கள். எலும்பை எடுத்தார்கள். அந்த இடத்தில், இறந்த யாரோ ஒருவர் தானமாகக் கொடுத்த எலும்பை வைத்துத் தகடு போட்டுத் திருகினார்கள். கொடுத்தவரின் பெயரை வங்கி சொல்லாது. ஷர்மினி அவரை 'குடியிருக்கிறவர்' என்பாள். மழைக்காலத்தில் கால் வலித்தால், "இன்னைக்கு அவருக்கு மூடு சரியில்ல" என்பாள்.

அவளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் திமோத்தி இப்படி எலும்பு வைத்தவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். வைத்த எலும்பு ஒட்டுகிறதா, உடைகிறதா, சீழ் பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி. ஷர்மினியின் கால் அதில் முதல் மாணவி. பினாங்கில் ஒரு மாநாட்டில் அவள் எக்ஸ்ரேவுக்குக் கை தட்டினார்களாம். "காலு மட்டும் பினாங்கு போய்ட்டு வந்துடுச்சு, எனக்கு டிக்கெட் இல்ல" என்றாள்.

பிறகு நோய் நுரையீரலுக்கு வந்தது. நுரையீரல் அந்த ஆராய்ச்சியில் இல்லை. அவள் ஆக்ஸிஜனில் கிடந்தபோது டாக்டர் வந்து காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். மனம் நிறைந்து போனார்.

"இத குடத்துல போடாதீங்க" என்றார் அத்தை.

"அத்தை—"

"எவனோ ஒருத்தன் எலும்போட எம்பொண்ண கடல்ல கரைக்க மாட்டேன்."

மாமா எங்கிருந்தோ ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்தார். தகடும் எலும்பும் அதற்குள் போயின. மூடியில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரித்தது. மற்றவை குடத்துக்குள் போய்ச் சிவப்புத் துணியால் கட்டப்பட்டன.

மெர்சிங் கடலுக்குக் கிளம்பினோம். நான் ஓட்டினேன். மாமா என் பக்கத்தில். பின்னால் பண்டாரம், மடியில் குடத்தோடு அத்தை. டின் மாமாவின் காலடியில். எனக்கு வேண்டியது ஒன்றுதான். டின்னில் இருப்பதும் குடத்தில் இருப்பதும் ஒன்றாகக் கடலுக்குப் போக வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு நாளாக எனக்கு எதுவும் வாக்கியமாக வரவில்லை.

மாமாவுக்கு வந்தது.

"நான் என்ன யோசிக்கிறேன்னா, அந்த ஆளு சீனரா இருந்தா? அவங்களுக்குக் காகிதம் எரிக்கணும். நாம எரிக்கல."

மாமா அடுத்த விரலை மடக்கினார்.

"கிறிஸ்டியனா இருந்தா புதைக்கணும். மலாய்க்காரரா இருந்தா அதவிடப் பெரிய பிரச்சனை லா. அவங்க எரிக்கவே மாட்டாங்க. நாம எரிச்சுட்டோம். வெளிய தெரிஞ்சா கேஸ்."

"யாருக்குத் தெரியும் மாமா?"

"இப்ப பண்டாரத்துக்குத் தெரியுமே."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார் பண்டாரம். "எத்தன பேருன்னு மட்டும் சொல்லுங்க. ரெண்டு பேருன்னா இன்னொரு தேங்காய் வேணும்."

பின்னால் அழுதுகொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார்.

"மாட்டு எலும்பும் வைக்கிறாங்களாம்ல? டெலிகிராம்ல வந்துச்சே."

கார் ஒரு கணம் கோடு மாறியது. நான்தான்.

வழியில் காஹாங் என்ற ஊரில் நிறுத்தச் சொன்னார் மாமா. சாலையோரத்தில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் 'மாமாக்' தேநீர்க் கடை. வெளியே எண்ணெய் ஆலைக்குப் போகும் செம்பனைப் பழ லாரிகள் வரிசையாக நின்றன. அத்தை குடத்தோடு இறங்க முடியாது என்பதால் மாமா தேநீரைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் காருக்கே கொண்டுவந்தார்.

"டாக்டருக்கு போன் போடுங்க மாப்பிள்ளை" என்றார் அத்தை. "நானே கேட்டுக்கிறேன்."

போட்டேன். டாக்டர் திமோத்தி உடனே எடுத்தார்.

"காளிதாஸ்! சோ சாரி. நேத்து வர முடியல. ஷர்மினி ரொம்ப தைரியமான பொண்ணு. அந்தக் காலு இருக்கே, கடைசி எக்ஸ்ரே வரைக்கும்—"

"டாக்டர், ஸ்பீக்கர்ல இருக்கீங்க. ஷர்மினி அம்மா பேசணுமாம்."

"சொல்லுங்க ஆன்ட்டி."

"அந்த எலும்பு யாரோடது தம்பி?"

"அது எங்களுக்கே தெரியாது ஆன்ட்டி. நம்பர் மட்டும்தான் வரும்."

"மாடா?"

"சேச்சே. மனுஷன்தான்."

மாமா குனிந்து போனுக்கு அருகில் வந்தார். "என்ன மதம் டாக்டர்?"

"எலும்புல அத டெஸ்ட் பண்றதில்ல சார்."

அத்தை குடத்தை அணைத்துக்கொண்டார். "ஆறு வருஷம் எம்பொண்ணு உடம்புக்குள்ள இருந்திருக்கு. அவ ரத்தம் பட்டிருக்கு. அது அவ எலும்பா மாறியிருக்காதா தம்பி?"

'ஆமாம் ஆன்ட்டி' என்ற இரண்டு சொல் போதும். கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்பவர்கூடச் சொல்லியிருப்பார். ஆனால் இவர் ஆராய்ச்சியாளர்.

"நல்ல கேள்வி ஆன்ட்டி" என்றார். குரலில் உற்சாகம். "வச்ச எலும்பு உயிரில்லாதது. நம்ம எலும்பு ரெண்டு முனையில இருந்தும் அதுக்குள்ள மெதுவா வளரும். மேல்பக்கமும் கொஞ்சம். நடுவுல இருக்கிறது அப்படியே செத்ததாதான் இருக்கும். அஞ்சாறு வருஷத்துல சுமாரா இருபது பெர்சன்ட் மாறியிருக்கும்."

"இருபதுதானா?"

"அது சராசரி ஆன்ட்டி. ஷர்மினிக்கு அதிகமா இருக்கலாம். துண்டு கைக்குக் கிடைச்சாதான் சொல்ல முடியும்."

"இருக்கு டாக்டர்!" என்றார் மாமா. "டின்ல இருக்கு!"

"சீரியஸா? அலமாக், அடடா, எரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று தொடங்கியவர், யாரை எரிப்பதற்கு முன்னால் என்பது நினைவுக்கு வந்து நிறுத்தினார். "சாரி. பரவாயில்ல. ஸ்கேன்ல ஏதாவது தெரியும். பத்திரமா வையுங்க. யாரும் தொட வேணாம்."

போனை வைத்தேன். மாமா காலடியில் கிடந்த டின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அது இப்போது பதவி உயர்வு பெற்ற டின்.

"கொடுத்துடுவோம். ஆராய்ச்சிக்குக் கொடுத்தா புண்ணியம். நமக்கும் இது யாரு என்னன்னு கவலையில்ல. நான் நேர்ல போய் ஒப்படைக்கிறேன். ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

"கொடுக்கல" என்றேன்.

"என்ன மாப்பிள்ளை?"

"அதுவும் கடலுக்குத்தான் போகுது."

"எவனோ எலும்ப நீ ஏன் புடிச்சிக்கிட்டு நிக்கிற?" என்றார் அத்தை.

அதுவரை 'நீங்க'வாக இருந்தேன்.

"அத்தை, எங்க கல்யாணத்துல அவ இந்தக் காலோடதான் நடந்து வந்தா. எனக்குத் தெரிஞ்ச காலு இதுதான். அதுக்கு முன்னாடி இருந்த பழைய காலை நான் பார்த்ததே இல்ல."

"பழசா? நான் பெத்தது உனக்குப் பழசா?"

காரை எடுத்தேன்.

மெர்சிங்கில் சவுக்கு மரங்களுக்குக் கீழே பண்டாரம் இலை விரித்து, பூவும் கற்பூரமும் எடுத்துவைத்தார். கடல் அமைதியாக இருந்தது. தூரத்தில் ஒரு மலாய்க் குடும்பம் கோழி வாட்டிக்கொண்டிருந்தது.

அத்தை செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார். குடத்தைப் பக்கத்தில் வைத்தார்.

"அந்த டின்ன எடுடா."

"எதுக்குக்கா?"

"ரெண்டு முனையிலயும் என் பொண்ணு இருக்கான்னு டாக்டர் சொன்னாருல்ல? அந்த ரெண்டு முனையும் எனக்கு வேணும். நடுவுல இருக்கிறத அவருக்கே கொண்டு போய்க் குடு."

மாமாவுக்கு இது நியாயமாகப் பட்டது. எந்தத் தகராறிலும் பாகப்பிரிவினை என்றால் அவருக்கு நிம்மதி. காரின் பின்னால் இருந்து ஸ்குரு டிரைவர் எடுத்து வந்தார். திருகாணிகளின் தலையில் ஆறு மூலைக் குழி இருந்தது. இவர் கையிலிருந்தது தட்டையான முனை. மூன்று முறை வழுக்கியது.

"இது வேற சைஸ் லா" என்றார். ஏதோ கடையில் மாற்றி வாங்கிவிடலாம் என்பதுபோல்.

"முனையில இருந்து எவ்வளவு தூரம்னு சொன்னாரு மாப்பிள்ளை?" என்றார் அத்தை. மறுபடி மரியாதை வந்திருந்தது. வேலை இருந்தது.

"சொல்லல."

"இருபதுன்னா பாதிப் பாதியா பிரிச்சு, இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து" என்றார் மாமா, விரலால் அளந்து காட்டி.

"மேல்பக்கமும் கொஞ்சம்னாரு" என்றார் பண்டாரம்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கற்பூரத்தைப் பார்த்தார்.

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. நின்று பார்த்தேன். ஓர் எலும்பில் என் மனைவியை விரலால் அளந்துகொண்டிருந்தார்கள்.

அத்தை ஸ்குரு டிரைவரைத் தள்ளிவிட்டுத் தகட்டைக் கையில் எடுத்தார். ஒரு முனையை இரண்டு விரலால் பிடித்தார். முருங்கைக்காய் ஒடிப்பதுபோல், பதமாகத்தான், ஒடித்தார்.

வெந்த எலும்புக்குப் பதமெல்லாம் தெரியாது. முனை உடைந்தது. அந்த உடைப்பு அப்படியே உள்ளே ஓடியது. திருகாணிகளைச் சுற்றியிருந்த எலும்பு உதிர்ந்தது. ஒரு சாணும் ஓசையில்லாமல் டின்னுக்குள் விழுந்தது. அத்தையின் கையில் வெறும் தகடு.

டின்னுக்குள் பொடியும் சில்லுகளும். முனை எது, நடு எது, மேல்பக்கம் எது. கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது. டாக்டர் வந்தால் ஒருவேளை ஆராய்ச்சி நிதி கேட்பார்.

அத்தை டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் ஒருமுறை கிளறினார். இன்னொருமுறை.

"அவ இதுல எங்க இருக்கான்னு தெரியலயே" என்றார்.

மாமா இரக்கத்தோடு குனிந்தார். "விடுக்கா. இதுல எண்பது பெர்சன்ட் வேற ஆளுதான். டாக்டர்கிட்டயே—"

"வாய மூடுடா. அந்த இருபத உன் டாக்டர் டப்பாவுல போட்டு வைப்பானா?"

சிவப்புத் துணியை அவிழ்த்தார். டின்னைக் குடத்தின் வாயில் கவிழ்த்தார். அடியைத் தட்டினார். மூலையில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துப் போட்டார். கடைசித் துகள்வரை. கணக்கில் ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்பதுபோல்.

பண்டாரம் தொண்டையைச் செருமினார். "அப்ப, ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிடலாமா?"

"எந்த ரெண்டு பேரு? ஒரே ஆளு. ஷர்மினின்னு சொல்லுங்க."

சொன்னார். ஒரு தேங்காய்தான் உடைந்தது.

குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் திரும்பி நிற்கச் சொல்லியிருந்தார் பண்டாரம். நின்றேன். பின்பக்கமாக விட்டேன். அழுகை வருமென்று மற்றவர்கள் கரையில் காத்திருந்தார்கள். வரவில்லை. முழுசாகப் போய்விட்டாள் என்று மட்டும் நினைத்தேன்.

கரைக்கு வந்தபோது மாமா வெறும் தகட்டை டின்னுக்குள் வைத்து மூடியிருந்தார். போட்டோவுக்கு அது போதும்.

கிளம்பும்போது டாக்டர் கூப்பிட்டார். ஈரக் கையோடு எடுத்தேன்.

"ஸ்பெசிமன் எப்படி இருக்கு?"

"கடல்ல இருக்கு டாக்டர்."

மறுமுனையில் நீண்ட மூச்சு. "சரி. உங்க விருப்பம். அப்ப நான் அவங்க ஃபைல முடிச்சிடறேன். ஒரே ஒரு கேள்வி. வச்ச எலும்பு கடைசி வரைக்கும் எங்கயும் உடையலதானே?"

உடைந்தது, இன்று, மெர்சிங்கில், அவள் அம்மா உடைத்தார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதை அவர் படிவத்தின் எந்தக் கட்டத்தில் குறிப்பார் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

பின்சீட்டிலிருந்து அத்தை கேட்டார். "என்னவாம்?"

"காலு உடைஞ்சுதான்னு கேக்கறாரு."

"யாரு காலு? எம்பொண்ணு காலா?" அத்தை முன்னால் சாய்ந்தார். "உடையலன்னு சொல்லுங்க மாப்பிள்ளை. அவ ஒரு நாளும் தடுக்கி விழுந்ததுகூட இல்ல."

"உடையல டாக்டர்" என்றேன்.

"எக்சலண்ட்" என்றார் டாக்டர்.