அழகு என்று நம்பினார்கள்

என் மகள் இலிங்காவுக்கு நான் பின்னியது எதுவும் பிடிக்காது. கல்லூரியில் சேர்ந்த வருடம் விடுமுறைக்குத் தோழி ஒருத்தியை எங்கள் ஊர் பிராயிலாவுக்குக் கூட்டிவந்தாள். அந்தப் பெண்ணை முன்னறைக்குள் விடவே இல்லை. சமையலறையிலேயே உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "அந்த ரூமைப் பார்த்தா என்னைப் பத்தி என்னம்மா நினைப்பா?" என்றாள்.

அந்த அறையில் அப்படி என்ன கேவலம்? டிவி மேல் குரோஷா ஊசியால் பின்னிய விரிப்பு, அதன்மேல் கண்ணாடி மீன் பொம்மை. சோபாவின் கைகளுக்கு, தொலைபேசிக்கு, பூ ஜாடிக்கு என்று எல்லாவற்றுக்கும் விரிப்பு. சுவரில் மான்கள் நிற்கும் கம்பளம். எங்கள் அடுக்குமாடியில் எல்லா வீட்டிலும் இதேதான். ஆனால் என் வீட்டு விரிப்புகள் அத்தனையும் என் கை. பஞ்சாலையில் பகலெல்லாம் நின்றுவிட்டு வந்து, மின்சாரத்தை வெட்டிவிடும் அந்தக் கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் ஜன்னலோர வெளிச்சத்தில் பின்னியவை. கடையில் வாங்க ஒன்றும் இருக்காது. பேசினால் எந்த உளவாளி ஒட்டுக்கேட்பானோ என்று பயம். வெள்ளையாக, ஒழுங்காக ஏதாவது ஒன்று என் விரலிலிருந்து வரட்டும் என்று பின்னினேன். என் கணவர் இருந்தவரை நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. போகட்டும், அவர் எதையுமே சொன்னதில்லை. மகள் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை.

அவள் இப்போது தலைநகர் புக்காரெஸ்டில் கண்காட்சிகள் நடத்துகிறாள். போன வசந்தத்தில் போன் செய்தாள்.

"அம்மா, நம்ம முன்ரூம் மொத்தமும் எனக்கு வேணும். கண்காட்சியில வைக்கப் போறேன்."

"எதைடி?"

"சோபா, கம்பளம், மீன், விரிப்பு எல்லாத்தையும். துவைக்காதே, அப்படியே அனுப்பு."

அழுக்குத் துணியை யாராவது ஊர் பார்க்க அனுப்புவார்களா? துவைத்து, சர்க்கரைத் தண்ணீரில் முக்கி, ஓரங்களை இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தேன். ஒவ்வொன்றும் அப்பளம்போல் விறைப்பாக நின்றது. வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனபோது வெறும் அறையில் நின்று சிரித்தேன்.

அடுக்குமாடி முழுக்கச் சொல்லிவிட்டேன். கீழ்வீட்டு சோஃபிகாதான் கிண்டல் செய்தாள். "இனிமே நாங்க எல்லாம் உன் கண்ணுக்குத் தெரிவோமாக்கா? கலைஞராயிட்டே!"

"வாயை மூடிட்டு நீயும் கிளம்பு," என்றேன்.

தலைமுடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, இலிங்காவின் பட்டமளிப்புக்குப் போட்ட நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். மகளின் பெரிய நாளுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? முட்டைகோஸ் இலையில் கறி சுற்றி வேகவைத்து ஒரு டப்பா நிறைய எடுத்துக்கொண்டேன். இருவரும் ரயிலேறினோம்.

பழைய அச்சகக் கூடம் ஒன்றில் கண்காட்சி. வாசலில் பெரிய எழுத்தில் எழுதியிருந்ததைச் சோஃபிகா சத்தமாகப் படித்தாள். "அழகு என்று நம்பினார்கள்." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நம்பினார்கள்னா? இப்ப இல்லையாமா?"

"படிச்சவங்க அப்படித்தான் எழுதுவாங்க, வா."

உள்ளே என் அறை அப்படியே இருந்தது. மூன்று சுவர் எழுப்பி, பூ ஜாடிகூட இடம் மாறாமல் வைத்திருந்தாள். என் மகள் இதையெல்லாம் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறாள் என்று எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. கம்பளத்தின் ஓரத்தில் குனிந்து என் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தேன். சோஃபிகாவும் கழற்றினாள். உள்ளே போய், மீனுக்கு அடியில் கோணலாகக் கிடந்த விரிப்பை நேராக்கிவிட்டு, சோபாவில் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

அப்புறம்தான் சுற்றிப் பார்த்தேன். கையில் ஒயினோடு இளவட்டங்கள், ஷூ காலோடு என் கம்பளத்தின்மேல் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் மீனுக்கு முத்தம் கொடுப்பதுபோல் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு பெண் என் பெரிய விரிப்பைத் தலையில் போட்டுக்கொண்டு மணப்பெண் மாதிரி இளித்தாள். "ஐயோ, எங்க அத்தை வீட்லயும் இதே கொடுமை!" என்று எவளோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

"அதை எடுத்த இடத்துல வைம்மா," என்றேன். "வெளியில ஷூவைக் கழட்டிட்டு வாங்க. இது என்ன சந்தைக்கடையா?"

ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கைதட்டினார்கள்.

"யாரு இந்த நடிகை? அசலா இருக்காங்க!"

சோஃபிகா டப்பாவைக் கட்டிப்பிடித்தபடி கத்தினாள். "நடிகையா? கூறுகெட்ட பசங்களா, இது அவ வீடுடா! அவ பின்னினதுடா!" அதற்கும் தட்டினார்கள்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. எழுந்து விரிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துப் பையில் போட ஆரம்பித்தேன். அதையும் படம் எடுத்தார்கள். கடைசியில் அழுதேவிட்டேன், அத்தனை பேர் முன்னால், மூக்கைச் சிந்திக்கொண்டு. கூடமே எழுப்பிய கைதட்டலில் என் அழுகை எனக்கே கேட்கவில்லை.

இலிங்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு என் காலடியில் மண்டியிட்டு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"அம்மா, எனக்கு இது தோணவே இல்லையேம்மா. நீ இல்லாம இந்த ரூம் வெறும் சாமான்தான்."

என் நெஞ்சு குளிர்ந்துபோனது. நன்றாயிருக்கிறது என்று இதோ சொல்லப்போகிறாள் என நினைத்தேன்.

"கண்காட்சி முடியற வரைக்கும் தினமும் வந்து உட்கார்றியா? உன் பாட்டுக்குப் பின்னிட்டு இரு. கூட்டம் சேர்ந்ததும் இதே மாதிரி எல்லாத்தையும் எடுத்து மடி. அழுகையை மட்டும் கடைசிக்கு வச்சுக்க."

"எந்திரிக்கா," என்றாள் சோஃபிகா. "ரயிலுக்குப் போலாம்."

எழுந்து போயிருக்க வேண்டும். ரோஷமுள்ளவள் போயிருப்பாள். ஆனால் என் மகள் என் கையை விடவில்லை. பெரிய ஓவியங்கள் அச்சிட்ட தன் புத்தகங்களை எப்படிப் பார்ப்பாளோ அப்படி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை அவள் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"காலையில எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டேன்.