இழைத்த பக்கம்

தஞ்சாவூர் ஆய்வுக்கூடத்தில் ஜெக்கரியாவுக்கு உட்காரவே முடியவில்லை. அவர் கட்டிய படகு ஒரு வருடத்துக்குள் அடிப்பலகை சல்லடையாகி அதிராம்பட்டினம் கரையில் கிடந்தது. கடல் புழு தின்று தீர்த்திருந்தது. அதே லோடு பலகையில் கட்டிய இன்னொரு படகில் மகன் அஸார் இன்று காலை கடலுக்குப் போயிருக்கிறான். வேண்டாமென்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

புழு அரிக்காமலிருக்க மருந்தேற்றிய பலகை என்று விற்ற கும்பகோணம் தியாகேசனை அவர் ஊர் முழுக்கத் திட்டித் தீர்த்தாயிற்று. மருந்துக்குப் பதில் பச்சை மையைத் தடவி ஏமாற்றிவிட்டான் என்பது அவர் கட்சி. கோபம் வந்தால் மனுஷர் வாய்க்குப் பூட்டு கிடையாது. அதை நிரூபிக்கத்தான் கெட்டுப்போன படகிலிருந்து ஒரு துண்டை அறுத்துக் கொண்டுவந்திருந்தார்.

ஆய்வாளர் அனுராதா அதில் மெல்லிய சீவல் எடுத்து ஒரு திரவத்தைச் சொட்டினாள். மருந்து இறங்கிய இடம் நீலமாகும் என்றாள். நுண்ணோக்கியில் பார்த்தவள் துண்டைத் திருப்பி மறுபக்கமும் சீவினாள்.

"கடைக்காரர் ஏமாத்தலங்க பாய். நீங்களே பாருங்க."

குனிந்து பார்த்தார். தேனடை மாதிரி பொடிப்பொடி அறைகள், சுவரெல்லாம் நீலம். உள்ளே போகப்போக மங்கி நின்றுவிட்டது. இந்த மரத்தில் மருந்து தோல் கனத்துக்குத்தான் இறங்கும் என்றாள். எப்படியோ பலகையில் மருந்து இருக்கிறது, அப்படியானால் அஸாருக்கு ஒன்றுமில்லை என்று அவருக்கு மூச்சு வந்தது. புழு தின்ற படகை அந்த நிமிடம் மறந்தே போனார்.

அவள் அடுத்த சீவலை வைத்தாள். அது தண்ணீர் படும் பக்கம். அதில் பொட்டு நீலம் இல்லை.

"மருந்தேத்தினப்புறம் இந்தப் பக்கத்த யாராச்சும் இழைச்சாங்களா?"

யாராச்சும் என்ன, யாராச்சும்! இழைப்புளியைக் கையில் எடுத்தால் அவர் வேறு யாரையும் கிட்டே விடமாட்டார். அவர் இழைத்த பலகையைத் தடவிப் பார்த்து மெச்சாத ஆள் கரையில் இல்லை. இரண்டு படகையும் அவரேதான் இழைத்தார். அஸாரின் படகை, மகனுக்கு என்பதால், இன்னும் ஒரு கை கூடுதலாக இழைத்தார்.

மகனுக்குப் போன் போட்டார். வெகுநேரம் கழித்து எடுத்த அஸார், படகுக்குள் கசியும் தண்ணீரை இறைத்துக்கொண்டிருப்பதாகவும், இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் வருகிறது என்றும் சொன்னான்.

"உடனே திரும்புடா. மருந்தையெல்லாம் நாந்தான் இழைச்சுத் தள்ளிட்டேன். கரை தெரியுதா?"

"இன்னும் தெரியல வாப்பா."