நேரில் கண்ட ஒரு செயல்

ஆகட்டும் சாரிடம் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பார். பரீட்சையைத் தள்ளிப்போடலாமா சார் என்றால் ஆகட்டும். தள்ளிப்போட வேண்டாம் சார் என்று அடுத்த நிமிஷம் வேறொருத்தன் போய் நின்றால் அதற்கும் ஆகட்டும். கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் எதிரே நிற்கிறவன் நகர்ந்துவிடுவான் என்று எந்தக் காலத்திலோ கண்டுபிடித்து வைத்திருந்தார், அவ்வளவுதான். அதையே மாணவர்கள் அவருக்குப் பேராக வைத்துவிட்டார்கள்.

அவருடைய வேதியியல் வகுப்பில் முப்பத்தெட்டு பேர். அத்தனை பேருக்கும் பட்டப்பெயர் உண்டு. ஓயாமல் பேசுகிறவன் ரேடியோ, ஒல்லியாக உயரமாக ஒருத்தி ஒட்டடைக்கம்பு, எப்போதும் கொட்டாவி விடுகிறவன் குகை. கடைசி வரிசையில் உட்காரும் ஒருத்திக்கு மட்டும் இல்லை. பட்டப்பெயர் வைக்க வேண்டுமென்றால் ஒரு ஆளை நாலு தடவையாவது திரும்பிப் பார்க்க வேண்டாமா? மூன்று வருஷத்தில் அவளைக் கேலி செய்யக்கூட யாருக்கும் தோன்றவில்லை. போயும் போயும் இதற்காக ஒருத்தி அழுவாளா என்று கேட்காதீர்கள். அழுதிருக்கிறாள்.

பட்டப்படிப்பு முடியும் தறுவாயில் ஆனர்ஸ் விண்ணப்பம் வந்தது. பல்கலைக்கழகத்தில் இன்னும் ஒரு வருஷம் படிப்பு. வேதியியலுக்கு ஒரே ஒரு முழு உதவித்தொகை. அது கிடைத்தவருக்குக் கட்டணம் கிடையாது, விடுதியில் தனி அறையும் உண்டு. கட்டணத்தைவிட அந்த அறைமேல்தான் அவளுக்குக் கண். அவள் இருந்தது அக்கா வீட்டில். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, இரட்டைக் குழந்தைகள். மாமாவுக்கு இரவு ஷிப்ட். பகலெல்லாம் கூடத்தில்தான் தூங்குவார், சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பார். அதற்கு முன்னால் கதவு கிறீச்சென்றாலும் போச்சு. வகுப்பு முடிவதோ மூன்றரைக்கு. தினமும் அந்த இரண்டரை மணி நேரத்தை அவள் ஆய்வுக்கூடத்தில்தான் கழித்தாள். உதவித்தொகை கிடைக்காவிட்டால் துணிக்கடையில் கல்லாவில் உட்கார அக்கா ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். அதே கூடம், அதே மூலை, அதே பாய்.

மதிப்பெண் இருந்தது. சான்றிதழ்கள் இருந்தன. இல்லாதது சிபாரிசுக் கடிதம்.

"சார், ஆனர்ஸுக்கு உங்ககிட்டேர்ந்து ஒரு கடிதம் வேணும்."

"ஆகட்டும். நீயே எழுதிக் கொண்டுவந்துடும்மா, கையெழுத்துப் போட்டுத் தரேன்." திருத்திக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இது ஒன்றும் புதிய கூத்து இல்லை, எல்லாத் துறையிலும் நடப்பதுதான். ரேடியோ தன்னைப் பற்றித் தானே மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தான். அவளுக்குத்தான் கை வரவில்லை. 'ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி' என்று எழுதினாள். விண்ணப்பத்தின் அடியிலோ கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 'பொதுவான புகழுரைகள் ஏற்கப்படா. இம்மாணவரிடம் நீங்கள் நேரில் கண்ட ஒரு செயலை விவரிக்கவும்.'

நேரில் கண்டதாம்! அவர் எங்கே கண்டார்? மூன்று வருஷமாக மூன்றரை மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு, வாசல்படியில் ஒரு கால் வைத்து, திரும்பாமலே ஒன்று சொல்வார்: "கடைசியா போறவங்க லைட்டை அணைச்சிடுங்க." அந்தக் கடைசியில் போகிறவர் யார் என்று ஒரு நாளாவது திரும்பிப் பார்த்ததுண்டா?

அன்றைக்கு எல்லோரும் போன பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். முன்னால் போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து தன்னுடைய ஸ்டூலைப் பார்த்தாள். கடைசி வரிசை, கழுவுதொட்டி பக்கத்தில். நன்றாகவே தெரிந்தது. மறைப்பதற்கு ஒரு தூண்கூட இல்லை. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்திலேயே எழுத ஆரம்பித்தாள்.

'இவரை நான் மூன்றாண்டுகளாக அறிவேன். ஆசிரியர் அறையில் இவருக்குக் கடைசி ஆள் என்று பெயர். மற்றவர்கள் கழுவாமல் விட்டுப்போகும் ப்யூரெட் குழாய்களையும் கழுவிக் கவிழ்த்து வைப்பார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. சென்ற ஆண்டு இவருடைய தாயார் காலமான ஐந்தாம் நாள் செய்முறைத் தேர்வு இருந்தது. வந்தார். கரைசலின் நிறம் மாறும் நேரத்தில் கண் கலங்கி, அளவைத் தவறவிட்டார். ஒருவரிடமும் காரணம் சொல்லாமல், எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து செய்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.'

கடைசி வரியை எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். மற்றதெல்லாம் நிஜம். பட்டப்பெயரும் அந்த ஒரு வரியும்தான் பொய். ஆனால் அந்தப் பொய்யைப் படித்தபோது, அப்பாடா, யாரோ பார்த்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் நெஞ்சு ஆறிப்போயிற்று.

மறுநாள் ஆகட்டும் சார் போனில் யாருடனோ பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஒரு வரி படிக்கவில்லை. முத்திரையைத் தலைகீழாகக் குத்திவிட்டு, மறுபடி நேராகக் குத்தினார்.

மூன்று வாரம் கழித்து நேர்காணல். நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார்தான் தலைவர். நரைத்த தலை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. பாடத்தில் பத்துக் கேள்வி கேட்டார்கள், பத்துக்கும் பதில் சொன்னாள். அம்மையார் கடிதத்தை எடுத்தார்.

"எல்லாரும் போனப்புறம்தான் நீ கிளம்புவியாமே. ஏம்மா?"

"வீட்டுல ஆறு மணிவரைக்கும் எனக்கு இடம் கிடையாதுங்க. மாமா தூங்குவார்."

அம்மையார் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு கடிதத்தின் கடைசிப் பகுதியை, பக்கத்தில் இருந்தவர்களுக்காக, வாய்விட்டுப் படித்தார். "'நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.' இப்படி ஒரு வாத்தியார் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்மா."

அவ்வளவுதான், அவள் உடைந்துபோனாள். அடக்க அடக்க அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நன்றியில் அழுகிறாள் என்று நினைத்து மூன்று பேரும் நெகிழ்ந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்கள். ஐயோ, எப்படிச் சொல்வாள்?

"அவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிடலாம். எல்லாருக்கும் செய்யறதுதான்," என்று அம்மையார் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். பாதி குடித்த தண்ணீரை அவள் மேஜைமேல் வைத்துவிட்டாள். அறை, கதவு, பூட்டு எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

"சார், உங்க மாணவி விஷயமா. அருமையா எழுதியிருக்கீங்க. அதென்ன, அவளுக்குக் கடைசி ஆள்னு பேர்?"

எதிர்முனையில் தாள்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "கடைசி... இல்லைங்களே, மார்க்ல எல்லாம் கடைசி இல்லைங்க..."

"அது தெரியுது சார். பேர் ஏன் வந்துதுன்னு கேட்டேன்."

மறுபடி தாள் புரளும் சத்தம். அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மனுஷர் தடுமாறித் தடுமாறி, வாயில் எப்போதும் இருப்பதையே எடுத்து விட்டார்: "கடைசியா போறவங்கதானே... லைட்டை அணைக்கணும். அதாங்க."

"அதானே பார்த்தேன்!" என்று அம்மையார் சிரித்தார்.

முக்கால் மணி நேரம் கழித்துக் குமாஸ்தா வெளியே வந்து ஒரு தாளை நீட்டினார். உதவித்தொகை அவளுக்குத்தான். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அறை. படிக்கட்டில் நின்றபடியே அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, எனக்குக் கிடைச்சிடுச்சு..."

"ஸ்ஸ்! மாமா தூங்கறார்டி. அப்புறம் பேசு." வைத்துவிட்டாள்.

வேறு யாருக்குச் சொல்வது? போனில் இருந்த பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். சொல்லும்படி ஒருத்தர்கூட இல்லை. பஸ் ஏறிக் கல்லூரிக்கே போனாள்.

ஆய்வுக்கூடத்தில் வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. ஆகட்டும் சார் தனியாக மேஜையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார்.

"சார், ஆனர்ஸ் கிடைச்சிடுச்சு."

"ஓ, அது நீதானா! திடுதிப்புன்னு போன் பண்ணிட்டாங்கம்மா. கையும் ஓடல, காலும் ஓடல. என்னமோ சமாளிச்சேன். ரொம்ப சந்தோஷம். ஆமா, நீ எந்த வருஷம்?"

"மூணாவது சார். உங்க வகுப்புதான்."

அவர் முகத்தில் அசடு வழிந்தது. "அப்படி என்னதான் எழுதியிருந்தே? நகல் இருந்தா காட்டு."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நின்றபடி படிக்க ஆரம்பித்தவர், பாதியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் நடந்ததாம்மா?"

"நடந்தது சார்."

"நான் பார்த்தேனா?"

"இல்ல சார்."

அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவை. என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவளும் காத்துக்கொண்டு நின்றாள். அது என்னவாக இருந்தாலும் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்குள் வாசலில் கடைநிலை ஊழியர் வந்து, "மீட்டிங்குக்கு எல்லாரும் வந்தாச்சு சார்," என்றார்.

"ஆகட்டும், ஆகட்டும்." கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வாசல்படியில் ஒரு கால் வைத்தவர், திரும்பாமலே சொன்னார்:

"கடைசியா போறவங்க லைட்டை அணைச்சிடுங்க."

ஆய்வுக்கூடத்தில் அவளைத் தவிர ஒரு ஈ காக்கைகூட இல்லை.

"சரிங்க சார்," என்றாள்.

ஆறு விளக்கு, நாலு மின்விசிறி, புகை இழுக்கிற விசிறி ஒன்று. பதினொரு ஸ்விட்சையும் அணைத்தாள். கதவுவரை போன பிறகுதான் மணியைப் பார்த்தாள். நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. ஒரு ஸ்விட்சை மட்டும் திரும்பப் போட்டுவிட்டு, மேஜைமேல் கிடந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு கழுவுதொட்டி பக்கத்தில் தன் ஸ்டூலில் போய் உட்கார்ந்து, அதன் கடைசி வரியை இன்னொரு தடவை படித்தாள்.