இரண்டேமுக்கால் பரப்பு

யாழ்ப்பாணம் கொக்குவிலில் தர்சினியின் வீட்டு வளவு வெளியே அளந்தால் இரண்டு பரப்புக் காணி. பங்குனிக் கடைசியில் உள்ளே அளந்தால் இரண்டேமுக்கால்.

தர்சினி கணித ஆசிரியை; கணவர் இறந்தபின் அந்த வீட்டில் தனியாக இருப்பவள். தங்கைக்குக் குப்பை கூட்டுகிற வேலை மிச்சமாகட்டும் என்று, கனடாவிலிருந்து வந்த அண்ணை முற்றம் முழுவதும் சீமெந்துக் கல் பதித்துவிட்டுப் போயிருந்தார். ஏழு வருடம் அங்கே ஒரு வண்ணத்துப்பூச்சிகூட இறங்கவில்லை. பிறகு ஒரு பங்குனியில், பள்ளிக்கூடத்தால் வரும்போது தண்டவாளக் கரையில் ஆவரசு மஞ்சளாய்ப் பூத்து நிற்பதைக் கண்டாள். இளவேனில் ஊருக்கெல்லாம் வந்து, தன் வாசல் படலையடியில் மட்டும் திரும்பிப் போகிறதே என்று அவளுக்கு ரோசம் வந்தது. மறுநாளே அலவாங்கை எடுத்துக் கல்லைக் கிளப்பத் தொடங்கினாள்.

கடைக் குரோட்டன் செடி ஒன்றும் வாங்கவில்லை. ஆவரசும் நொச்சியும் ஆடாதோடையும் கொன்றையுமாக, பண்டத்தரிப்பு ஊர் வேலியோரங்களில் கேட்டுக் கேட்டுக் கொண்டுவந்து நட்டாள். ஒவ்வொரு கன்றும் வேர் பிடித்த அன்று நிலம் ஒரு முழம் நீண்டது. துணி காயப்போடும் கொடி இறுகி அறுந்தது. தண்ணீர்க் குழாய் கொன்றையடிக்கு எட்டாமல் போனது. தர்சினி நாடா பிடித்து மூன்று தரம் அளந்தாள். முதலில் பயந்தாள், பிறகு தன் கணக்கைச் சந்தேகித்தாள், கடைசியில் சிரித்துவிட்டாள்.

பக்கத்து வளவு இன்னாசித்தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடம் நல்லாய்ப் பழகிய மனுசன், மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார்.

“ரீச்சர், என்ரை காணியையோ தின்னுறியள்? உந்தப் பத்தையளைப் புடுங்கிப்போட்டுப் பழையபடி சீமெந்தைப் போடுங்கோ. இல்லாட்டி வழக்குப் போட்டுக் கோட்டிலை சந்திப்பம்.”

“புடுங்க மாட்டன், அண்ணை,” என்றாள் தர்சினி. அன்றைக்குத்தான் கொன்றை, முழங்கால் உயரத்திலேயே, முதல் பூ விட்டிருந்தது.

இன்னாசித்தம்பி நில அளவையாளரைக் கூட்டிவந்தார். அவர் காலை முழுவதும் வெளியே அளந்தார். மதில் ஒரு அங்குலமும் அசைந்திருக்கவில்லை. பிறகு தர்சினியின் வளவுக்குள் போனவர் ஒரு மணித்தியாலம் கழித்து, தலைமயிரில் நொச்சிப்பூவோடு திரும்பி வந்தார்.

“ஐயா, உங்கடை காணி சரியாய் இருக்கு. ரீச்சரின்ரையும் காணி உறுதிப்படி சரி. கூடினது உங்கள் ரெண்டுபேரின்ரையும் இல்லை.”

“அப்ப அது ஆற்றை காணி?”

அளவையாளர் நாடாவைச் சுருட்டினார். இன்னாசித்தம்பி தானே போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி உள்ளே நடந்தார். பின் மதிலடிக்குப் போய்த் திரும்ப அவருக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. சேட்டு முதுகெல்லாம் வண்ணத்துப்பூச்சிகள் ஒட்டியிருந்தன. தட்டிவிட மனம் வராமல் அப்படியே கையை விரித்தபடி வந்தார்.

“நடுறதுக்கு ஒரு நொச்சித் தடி முறிச்சுத் தாங்கோ, ரீச்சர்,” என்றார்.

மூன்று நாளில் அவர் பக்கத்துச் சீமெந்து முற்றத்திலும் அலவாங்குச் சத்தம் கேட்டது.

இது நடந்து மூன்று வருடம். மார்கழியில் நிலம் சற்றே சுருங்கிப் பங்குனியில் மறுபடி விரிகிறது. தர்சினி வீட்டில் நடத்தும் ரியூசன் வகுப்புப் பலகையில் இப்போது ஒரு வரி கூடுதலாக எழுதியிருக்கிறது: சித்திரை, வைகாசியில் படலையிலிருந்து வகுப்புக்கு நடக்கப் பத்து நிமிடம் செல்லும், பிள்ளைகள் நேரத்தோடு வரவும்.